ஓட்டுநர் பேசக் கூடாது

லண்டனிலிருந்து திருவாளர் எக்குண்டாயோ ஸ்பில்ஸ்பரி வண்டி பதிவு செய்த தோரணையைப் பார்த்தால், வரப்போவது மனிதரா, கண்ணாடிச் சாமான் அடைத்த பெட்டியா என்றுதான் யாருக்கும் தோன்றும். வெள்ளை வண்டி. உள்ளே ஏசி. இருக்கையில் துவைத்த விரிப்பு. ரேடியோ பாடக் கூடாது. விமான நிலைய வாசலில் பெயர்ப் பலகை பிடித்து நிற்க வேண்டும், பலகையில் 'திருவாளர்' விட்டுப்போகக் கூடாது. அங்கிருந்து கடற்கரை ஹோட்டல் வரைக்கும் சாலை வழியாகத்தான் போக வேண்டும், படகு கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே தனிச் செய்தியாக ஒரு வரி: 'ஓட்டுநர் பேசக் கூடாது.'

அந்த வரி யார் கைப்பேசியில் வந்து விழுந்தது என்று கேளுங்கள், கண்ணுகளா. இயாமிடே பெக்லியின் கைப்பேசியில்! ஃப்ரீடவுனின் கிழக்குப் பக்கம், எங்கள் கிஸ்ஸியில், அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவள் இருமினாலே மீன்காரி கூடுதலாக ஒரு மீனைப் போட்டுவிடுவாள். பாதிரியார்கூடப் பிரசங்கத்தை நீட்டுவதா முடிப்பதா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். என் எதிர்வீடு. மூன்று வண்டி வைத்திருக்கிறாள். மூன்றின் கதவிலும் நீலப் பெயின்டில் கொட்டை எழுத்தில் 'இயாமிடே' என்று எழுதியிருக்கும். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை ஹோட்டலில் கொண்டு சேர்ப்பதுதான் தொழில். இணையத்தில் இருப்பதிலேயே விலை கூடியது எது என்று தேடி இவளைப் பிடித்திருக்கிறார் அந்த மனிதர்.

பெயரைப் பார்த்ததுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தங்கை இறந்துபோனபின் தங்கை மகள் ஒரெடோலாவை இவள்தான் வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கும் லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பாமிடெலே என்ற பையனுக்கும், அவன் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது பழக்கமாகி, இயாமிடே கண்ணில் படாமல் கைப்பேசியிலேயே வளர்ந்து, சனிக்கிழமை சாயங்காலம் நிச்சயம் என்று நாள் குறித்தாயிற்று. பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவனுக்காகப் பெண் கேட்டுப் பேசப் போகிற பெரிய மனிதர் இந்த ஸ்பில்ஸ்பரி மாமாதான்.

எங்களில் பெண் கேட்டு வருகிறவர்களுக்குக் கதவு லேசில் திறக்காது. பெண் வீட்டில் வாயுள்ள ஒருத்தி வாசலை மறித்து நிற்பாள். 'யார் நீங்க, என்ன வேணும்' என்று விரட்டுவாள். வந்தவர் 'உங்கள் தோட்டத்தில் ஒரு ரோஜாவைப் பார்த்தோம்' என்பார். உடனே வேறு வேறு பெண்களைக் கொண்டு வந்து நிறுத்தி, 'இதுவா, இதுவா' என்பார்கள். ஒவ்வொருத்தியையும் வாயாரப் புகழ்ந்து, 'ஆனால் எங்கள் பூ இதில்லை' என்று அனுப்பி வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு வாய் கிடையாது, கூட்டத்தின் பின்னால் நிற்க வேண்டியதுதான். கடைசியில் உண்மையான பெண் வந்ததும், வெள்ளைத் துணி சுற்றிய சுரைக்குடுக்கையைக் கொடுத்து நிச்சயம் செய்வார்கள். வாசலில் நிற்பவள் கதவைத் திறக்கவில்லை என்றால் சம்பந்தம் அத்தோடு சரி. ஒரெடோலாவுக்காக வாசலில் நிற்கப் போவது இயாமிடே. வேறு யார் நிற்பார்கள்?

"இந்த வண்டியை நானே ஓட்டப் போறேன்" என்றாள் அவள்.

"வேணாம் பெரியம்மா. நீ அவரைக் கடிச்சு வச்சிருவே" என்றாள் ஒரெடோலா.

"எப்படிடி கடிப்பேன்? பேசக் கூடாதுன்னு எழுத்துலயே குடுத்திருக்காரே!"

"அவரு எப்படியாப்பட்டவரா வேணா இருக்கட்டும். நான் கட்டிக்கப் போறது அவரை இல்லையே."

"அவரைப் பாக்க யாரு போறா? அவரு பேசறப்போ பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருப்பான் பாரு, அவனைப் பாக்கப் போறேன். உன்னை அவன் கையிலதானே குடுக்கணும்?"

தொழிலுக்கு வஞ்சகம் செய்யாமல் அவருக்கு ஒரு பதிலும் அனுப்பினாள். விமான நிலையம் அக்கரையில் இருக்கிறது, ஹோட்டல் இக்கரையில் படகுத் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, படகில் வந்தால் வியர்க்கும் முன்னே அறைக்குப் போய்விடலாம், சாலையில் சுற்றினால் அரை நாள் போய்விடும் என்று. அவர் எழுதினார்: 'நான் அந்த மண்ணில் பிறந்தவன். எனக்கு வழி சொல்ல வேண்டாம். மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிற பழக்கம் எனக்கில்லை.'

பிறந்தது என்னவோ வாஸ்தவம்தான். மீசை அரும்பியதும் ஊரை விட்டுப் போனவர், அதன்பிறகு ஒரு சாவுக்கும் வந்ததில்லை, ஒரு கல்யாணத்துக்கும் வந்ததில்லை. இவருக்குத் தண்ணீர் என்றால் உதறல் என்பது கிஸ்ஸியில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் படகில் ஏற்றினால் பலகையைக் கட்டிக்கொண்டு ஊளையிடுவார். பயம் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். பழியை மீன் மேல் போட்டார் பாருங்கள்.

சனிக்கிழமை காலை விமானம் இறங்கியது. எங்கள் மார்ச் மாத வெயிலில் மூன்று அடுக்குக் கம்பளி சூட்டில், வேகவைத்த கிழங்கு மாதிரி ஆவி பறக்க வெளியே வந்தார். பெயர்ப் பலகையைப் பார்த்தார். பலகையைப் பிடித்திருந்தவளைப் பார்க்கவில்லை.

"எழுத்து கோணலா இருக்கு" என்று பலகையிடம் சொல்லிவிட்டு, பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

பின்னால் வந்த பையன் ஒல்லி, கண்ணாடி போட்டவன். "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று குனிந்து, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கி வண்டியில் வைத்தான். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள் இயாமிடே. வாயைத் திறக்கவில்லை.

வண்டி செம்மண் சாலையில் ஏறியதும் மாமா ஆரம்பித்தார்.

"கிஸ்ஸியாம், கிஸ்ஸி! லண்டன்லே நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள்."

"பலகை வீடாத்தான் இருக்கும். மேலே தகரம். மழை பேஞ்சா உள்ளே குடை பிடிக்கணும். பொண்ணுக்கு அம்மாவும் இல்லே. யாரோ பெரியம்மாக்காரி வளர்த்தாளாமே, அவ என்ன பண்றா?"

"ஏதோ பிசினஸ்னு சொன்னா அங்கிள்."

"பிசினஸ்! இந்த ஊர்லே மூணு தக்காளியைக் குவிச்சு வச்சிட்டு உக்காந்தாலே பிசினஸ்தான்டா."

பையன் "அப்படி இல்ல அங்கிள்..." என்று இழுத்தான். இழுத்தது அறுந்து விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும், "ஏம்மா, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று முன் இருக்கையைத் தட்டினார் மாமா. இயாமிடே கைப்பேசியை எடுத்து, அவர் அனுப்பிய வரியைத் திறந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். 'ஓட்டுநர் பேசக் கூடாது.' பையனுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினான்.

"இதுக்கு பேசலாம்மா!"

அவள் அந்த வரியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

வழியில் மசியாகா என்ற ஊரில் வண்டியை நிறுத்தினால் ரொட்டிக்காரிகள் மொய்ப்பார்கள். மூன்று ரொட்டி வாங்கி இயாமிடே பின்னால் கொடுத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத பிள்ளைதானே என்று ஒரு எண்ணம். மாமா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றினார். "எவ எவ கை பட்டதோ! வயிறு என்னத்துக்கு ஆகும்?" பையன் வாங்கிக்கொண்டான். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிச் சாப்பிட்டான்.

ரொட்டி சாப்பிடாத வயிறுதான் கொஞ்ச நேரத்தில் கலக்கியது. விமானத்தில் என்ன தின்றாரோ! "நல்ல ஹோட்டல், சுத்தமான பாத்ரூம் எங்கேயாவது..." என்று மாமா நெளிந்தார். இயாமிடே வண்டியை ஓரம் கட்டினாள். புதரைக் காட்டினாள். அவர் மறுத்தார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தி இறங்கி, கம்பளிக் கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருவாளர் புதருக்குள் ஓடினார். லண்டன் இறங்கி ஓடுவது போல இருந்தது என்று இயாமிடே அப்புறம் எங்களிடம் சொன்னாள்.

எங்கள் ஊர் வாட்டர்லூவுக்கு, லண்டன் வாட்டர்லூ இல்லை, முன்னால் போலீஸ் சாவடி. சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். சார்ஜென்ட் கொம்பா கயிற்றை இறக்க வந்தவன், ஓட்டுகிறவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் வெளியே தெரிய ஓடி வந்தான்.

"ஏய், இயாமிடே அக்கா! சாயங்காலம் ஒரெடோலாவுக்கு நிச்சயம்னு தெருவெல்லாம் சொன்னே, இப்ப ரோட்ல சுத்திக்கிட்டு இருக்கே?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"என்னக்கா, நாக்கை வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டியா? ஒரே ஒரு திட்டு திட்டிட்டுப் போக்கா. வாங்காம போனா எனக்கு இன்னைக்குப் பொழுது விடியாது!"

மாமா காதில் எதையோ செருகிக்கொண்டு லண்டனிலிருக்கும் மனைவியோடு வெயிலைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் விழவில்லை. பையனுக்கு விழுந்தது. இயாமிடே முன் கண்ணாடியில் பார்த்தாள். அவனும் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவன் முகம் சாம்பல் பூத்துப் போயிற்று. கையில் இருந்த ரொட்டித் துண்டு மடியில் விழுந்தது.

இப்போதாவது பேசுவான் என்று எதிர்பார்த்தாள்.

மாமா காதிலிருந்ததை உருவினார். "உங்க அத்தையும் இதையேதான் சொல்றா. ஏன்டா இவ்வளவு பதறுறே? நிச்சயம்தானே, கல்யாணமா? வந்தது வந்தோம், குடுத்துட்டுப் போவோம். ஒரு வருஷத்துக்குள்ளே அங்கேயே நல்ல இடமா வந்தா இதை விட்டுடப் போறோம். குடுக்கைதானே! என்ன பெரிய விஷயம்? காஞ்ச சுரைக்காய்."

பையன் வாய் திறக்கவில்லை. மடியிலிருந்த ரொட்டித் துண்டைப் பொடிப் பொடியாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். தெரியாமல் சும்மா இருந்தவனைக்கூட மன்னிக்கலாம். இவன் தெரிந்து சும்மா இருக்கிறான். கதவு திறக்காது என்று இயாமிடே அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள்.

சாலை வழியாக வந்தால் எங்கள் தெருமுனையைத் தாண்டாமல் ஹோட்டலுக்குப் போக முடியாது. நாங்கள் பெண்களெல்லாம் பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தோம். வண்டி ஊர்ந்து வந்தது. கை ஆட்டினேன். இயாமிடே கல்லுச் சிலை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போனாள். என்னமோ சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. பின் ஜன்னல் இறங்கி, உள்ளேயிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"என்னடா இது, சாவா கூத்தா? தெருவையே அடைச்சு வச்சிருக்குதுங்க!"

அவருக்காகத்தான் அடைத்து வைத்திருந்தோம்.

ஹோட்டல் வாசலில் இறங்கிய மாமா சூட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அவளைப் போகச் சொல்லு" என்று பையனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கையெட்டும் தூரத்தில் நின்றவளுக்கு 'அவள்'. பையன் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னலருகே வந்து, "ஆன்ட்டி..." என்றான். இயாமிடே வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினாள்.

வீட்டில் ஒரெடோலா தலைவாரிப் பூவைத்து உட்கார்ந்திருந்தாள். "எப்படி இருந்தாங்க பெரியம்மா?"

இயாமிடே சாவியை ஆணியில் மாட்டினாள்.

"பெரியம்மா, வண்டியை விட்டு இறங்கியாச்சு. இப்ப பேசலாம்."

"அந்தப் பையனுக்கு வாய்க்குள்ளே நாக்கு இருக்காடி?"

ஒரெடோலா எழுந்து நின்றாள். "இருக்கு. மெதுவாத்தான் வரும். ஆனா இருக்கு."

"விமான நிலையத்திலேர்ந்து ஹோட்டல் வரைக்கும் பாத்தேன். எனக்குத் தெரியல."

"கதவைத் திறக்க மாட்டியா?"

"அவன் பக்கத்துல உன்னையும் உக்கார வச்சு ஒருத்தன் இப்படிப் பேசினா, இவன் ரொட்டியைக் கிள்ளிக்கிட்டு இருப்பான். அங்கே வந்து உனக்காகப் பேச நான் இருக்க மாட்டேன்."

அந்தப் பெண் அழவில்லை. "வாசல் வரைக்கும் வரட்டும் பெரியம்மா. அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்றாள்.

சாயங்காலம் வந்தார்கள். முரசு கொட்டினார்கள். மாமாவின் சூட்டு வேறு, திமிர் அதே. அந்தப் பக்கத்து உள்ளூர்ச் சொந்தம் ரெஜினா அத்தை, வெள்ளைத் துணி சுற்றிய குடுக்கையைத் தலையில் வைத்திருந்தாள். பையன் எல்லோருக்கும் பின்னால் நின்றான். வாசலில் பூப்போட்ட அகன்ற கவுனும் தலைக்கட்டுமாக இயாமிடே நின்றாள். நாள் முழுக்க அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்த மனிதருக்கு அவள் முகம் அடையாளம் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே தெரியும்?

"யாரு நீங்க?" என்றாள் இயாமிடே. காலையிலிருந்து அடைத்து வைத்த குரல், தெருக்கோடி வரை கேட்டது.

"நாங்க கடல் கடந்து வந்திருக்கோம்" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா! படகிலயா?"

"இல்லே. சாலை வழியா."

"கடலைச் சாலை வழியாக் கடந்த முதல் ஆளு நீங்கதான்!"

தெரு சிரித்தது. மாமாவும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "உங்க தோட்டத்துலே ஒரு ரோஜா இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

"தோட்டமா? கிஸ்ஸியில ஏதுய்யா தோட்டம்? மூணு தக்காளியைக் குவிச்சு வச்சிருக்கோம். வேணுமா?"

மாமா அதற்கும் சிரித்தார், பாவம். பின்னால் பையனின் தலை குனிந்துகொண்டே போயிற்று.

முதல் ரோஜா நான்தான். பல்லில்லாத வாயில் சிவப்புச் சாயம் பூசி, தலையில் பூச் செருகி என்னைத் தள்ளிவிட்டார்கள். நானும் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினேன். என்னை எத்தனையோ வாசலில் எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள், 'வாடினாலும் வாசனை போகாத பூ' என்று. இந்த மனிதர், "சரி சரி, நேரமாகுது, அடுத்தது" என்று கையை வீசினார். ஈயை விரட்டுகிற வீச்சு. எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து சலமத்து வந்தாள். தங்க நிறத்தில் சவுரி, நீள நகம், மினுமினுக்கிற உடை. வேண்டுமென்றே அப்படி அலங்கரித்திருந்தோம். மாமாவின் முகம் மலர்ந்தது. லண்டன் பையன் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் இருப்பாள் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து உயர்த்தினார்.

"இதோ எங்க ரோஜா!"

முரசு நின்றது. எத்தனையோ நிச்சயம் பார்த்திருக்கிறேன். இந்தத் தப்பை ஒருவரும் செய்ததில்லை. குழந்தைகூடச் செய்யாது. முரசடிக்கிற ஃபொடே குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஐயா, கையை விடுங்க. அது என் பொண்டாட்டி. ரெண்டு பிள்ளை இருக்கு."

தெரு வெடித்துச் சிரித்தது. ரெஜினா அத்தை குடுக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் கோட்டை இழுத்தாள். "எக்குண்டாயோ! பொண்ணு போட்டோவை அனுப்பினேனே, பாக்கவே இல்லையா நீ?"

"எனக்கு ஆயிரம் வேலை" என்றார் அவர்.

இயாமிடே மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க பாத்த பூ எங்க வீட்டுல இல்ல. நீங்க எந்தப் பூவையும் பாக்கல. போய் வாங்க" என்று சொல்லிக் கதவை இழுத்தாள். உள்ளே திரைச்சீலை அசைந்தது. அதன் பின்னால் ஒரெடோலா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கதவு பாதிக்கு மேல் சாத்திக்கொண்டது.

"மூடாதீங்க பெரியம்மா!"

பையன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"மாப்பிள்ளை பேசக் கூடாது!" என்று நாலைந்து பெண்கள் கத்தினார்கள்.

"காலையிலேர்ந்து பேசாமத்தான் வந்தேன். அதுதான் தப்பு" என்றான். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். "அது ஒரெடோலா இல்ல. ஒரெடோலாவுக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருக்கு, சின்ன வயசுல வண்டிக் கதவுல இடிச்சுக்கிட்டதுன்னு சொல்லியிருக்கா. சிரிக்கறப்போ கையால வாயைப் பொத்திப்பா. இவருக்கு அதெல்லாம் தெரியாது. இவரு யாரையும் பாக்க மாட்டாரு. உங்களையே பாக்கல. நான் பாத்தேன். போலீஸ்காரர் ஒரெடோலா பேரைச் சொன்னப்பவே நீங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும், நீங்க வாங்கிக் குடுத்த ரொட்டியை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கே அருவருப்பா இருக்கு."

"என்னடா உளர்றே? எந்த போலீஸ்காரர்?" என்றார் மாமா.

பையன் அவர் பக்கம் திரும்பினான். "வண்டி ஓட்டினது இவங்கதான் அங்கிள். நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் இவங்க காதுல விழுந்தது. காஞ்ச சுரைக்காயும் விழுந்தது. உங்களுக்கு இஷ்டமில்லேன்னா ஹோட்டலுக்குப் போங்க. எனக்கு வேண்டிய பொண்ணை நானே கேட்டுக்கறேன்."

இயாமிடே அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"மசியாகாவுல வந்திருக்க வேண்டிய பேச்சு கிஸ்ஸிக்கு வந்து சேருது. உன் மாமன் மாதிரியே நீயும் சுத்து வழிதான்டா."

"ஆமா பெரியம்மா."

"ஆனா வந்து சேந்துட்டே." கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தாள். "அடுத்த தடவை நான் வாசல்ல இருக்க மாட்டேன். ஞாபகம் வச்சுக்கோ."

அவன் நுழைந்தான். குடுக்கையோடு ரெஜினா அத்தை நுழைந்தாள். மாமாவும் ஒன்றும் நடக்காதது போலக் காலைத் தூக்கினார். இயாமிடேயின் கை குறுக்கே வந்தது.

"ஐயா, நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உள்ளே வாங்க. என் பேரு என்ன?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குப் பின்னால், நாலு எட்டில், நாள் முழுக்க அவர் ஏறி இறங்கிய வெள்ளை வண்டி நிற்கிறது, கதவில் கொட்டை எழுத்து. தெருவே அந்தக் கதவைப் பார்க்கிறது. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். திரும்பவில்லை. கடைசியில், "ட்ரைவரம்மா..." என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே ரெஜினா அத்தைதான் பேசினாள், அழகாகப் பேசினாள். ஒரெடோலா வந்து நின்றாள், வாயைப் பொத்திச் சிரித்தாள், குடுக்கை கை மாறியது. சனிக்கிழமை வழக்கப்படி ஃபுஃபு என்கிற மரவள்ளிக் களியும் மீன் குழம்பும் செய்திருந்தோம். எங்களில் வாசலுக்கு வந்தவரைப் பட்டினி போடுகிற பழக்கம் கிடையாது. படியில் உட்கார்ந்திருந்த திருவாளருக்கும் ஒரு தட்டு அனுப்பினோம். எவ எவ கை பட்டதோ என்று அவர் கேட்கவில்லை. மீன் தலையைக்கூட விடாமல் உறிஞ்சிவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஊர் திரும்ப இயாமிடேக்கே செய்தி அனுப்பினார். வேறு யாரையும் அவருக்குத் தெரியாதே. 'ஹோட்டலிலிருந்து விமான நிலையம். தனி வண்டி. சாலை வழி.'

அவள் பதில் எழுதினாள்: 'சாலை வழிக்கு ஓட்டுநர் இல்லை. கிஸ்ஸித் துறையிலிருந்து சந்தைப் படகு உண்டு. அதில் எல்லோரும் பேசுவார்கள்.'

நானும் துறைக்குப் போயிருந்தேன். இதை விடுவேனா? மிதவைச் சட்டையின் வாரை இயாமிடேயே அவர் வயிற்றைச் சுற்றி இறுக்கிவிட்டாள். அப்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். படகு ஒரு குலுக்குக் குலுக்கியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்த மீன்காரியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க ஐயா. நீங்க யாரு, எந்த ஊரு?" என்று அவள் கேட்பது கரை வரைக்கும் கேட்டது.